குன்வோர் வார்த்த வெள்ளிக் குண்டு

குன்வோர் துணியை நக்கிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் எங்கள் ஊர் ஆண்கள் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் கெட்டிப்பார்கள். குழலுக்குள் ஒரு துணித்துண்டை விட்டு இழுப்பாள். நாக்கு நுனியில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். "கெட்டிச்சுக்கோ" என்பாள். இல்லாவிட்டால், "போய்க் கழுவிட்டு வா, வெக்கமா இல்லை?" என்பாள். முப்பது வருடம் இப்படித்தான் நடந்தது. போதகர்கூட நரி சுடப் போகும்முன் அவள் வாசலில் காத்து நின்றிருக்கிறார்.

இத்தனைக்கும், பெண் கை பட்டால் துப்பாக்கியின் குறி போய்விடும் என்று நம்பிய ஊர் இது. சேத்தஸ்தால் பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான். வேட்டைக்குக் கிளம்பியவன் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றிவிடுவான். என் மாமா ஒருவர் ஒரு இலையுதிர்காலம் முழுக்கக் கழற்றிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் பெண்கள் ஆறு பேர்.

குன்வோரின் அப்பா தல்லாக் குண்டு வார்ப்பவர். துப்பாக்கியை வாய்வழியாகக் கெட்டித்த காலம் அது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதோடு வந்த இரும்பு அச்சு இருக்கும், இடுக்கி மாதிரி திறந்து மூடும். தல்லாக்குக்கு ஐம்பதுக்கு முன்பே கை நடுங்க ஆரம்பித்தது. ஈயம் அச்சில் விழாமல் பூட்ஸில் விழுந்தது. பத்தொன்பது வயது குன்வோர் கரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெண் குண்டு வார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பும் கரண்டியும் பெண் கையில் இருப்பதில் என்ன புதுமை?

ஆறு வீடுகளின் அச்சுகளும் அப்பாவுடையதும் அடுப்புக்கு மேல் ஏழு ஆணிகளில் தொங்கின. வார்த்த குண்டுகளை அவள் மரத்தட்டில் உருட்டிவிட்டுக் காது கொடுப்பாள். உள்ளே காற்று அடைபட்ட குண்டு நொண்டிக்கொண்டு ஓடும். அதைத் திரும்பவும் கரண்டியில் போடுவாள். குண்டுக்குப் பதிலாக பார்லி மாவு வரும், கம்பளி வரும், சில சமயம் ஆட்டுத் தொடை வரும். நிலம் இல்லாத வீடு. அடுப்பு எரிந்தது அந்த ஏழு ஆணிகளால்.

அவள் குண்டுகளை வாங்கியவர்களில் சால்வேதான் நல்ல குறிகாரன். சுடும் போட்டியில் மூன்று வெள்ளிக் கரண்டிகள் ஜெயித்தவன். அவன் அம்மா ஓஸ்னே அவற்றைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களை அதற்கு நேராக உட்காரவைப்பாள். எல்லாம் தொடங்கிய அந்த வருடம் வசந்தத்தில் சால்வேக்குக் குறி தப்ப ஆரம்பித்தது. முதலில் காட்டுக்கோழி. பிறகு போட்டிப் பலகை. கடைசியில் முயல்.

"மூணு தடவை சுட்டேன்" என்றான் அவன், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில். "அது காதைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"ஓடவே இல்லையா?"

"எங்கே ஓடிச்சு. என்னைப் பாத்துப் பாவப்பட்ட மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். ஓஸ்னே சிரிக்கவில்லை. அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அது முயல் இல்லை" என்றாள்.

அவள் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. சில முயல்கள் முயல்கள் அல்ல. பக்கத்து வீட்டுக்காரி உருமாறி மாட்டு மடியில் பால் குடிக்க வருவது. ஈயம் அதன்மேல் பாயாது, வெள்ளிதான் பாயும். அதுவும் காசு கொடுத்து வாங்கிய வெள்ளியாக இருக்கக் கூடாது. மூன்று தலைமுறை வீட்டுச் சொத்தாக இறங்கி வந்திருக்க வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருவன் சட்டைப் பொத்தானைக் கெட்டித்து ஒரு முயலைச் சுட்டானாம். மறுநாள் காலை ஒரு கிழவி காலில் கட்டோடு படுத்திருந்தாளாம். சுட்டவன் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இதெல்லாம் எப்போதும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் நடக்கும். அங்கே பெண் எடுத்த என் சித்தப்பா சொல்வார், அங்கே இதை எங்கள் பக்கம் நடந்ததாகச் சொல்கிறார்களாம்.

ஓஸ்னே அடுத்த வாரம் தன் மாடு பால் குறைத்துவிட்டது என்றாள். அதற்கு அடுத்த வாரம், "என் பையன் சுடுற குண்டு யார் கையில வார்த்தது?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லவில்லை. பதில் தானாகப் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தது.

அச்சுகள் ஆணியைவிட்டு இறங்க ஆரம்பித்தன. ஒருவர் அச்சைத் துருத் துடைக்க வேண்டும் என்று வாங்கிப் போனார். இரண்டு பேர் மச்சானுக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போனார். சால்வேயின் அச்சை ஓஸ்னேயே வந்து இரண்டு விரலால் எடுத்துப் போனாள்.

"மிச்சம் எத்தனை?" என்று கேட்டார் தல்லாக். அவருக்கு அடுப்புப் பக்கம் எழுந்து வருவது சிரமம்.

"ரெண்டுப்பா. ஒண்ணு நம்மது."

"இன்னொண்ணு?"

"யெர்முனோடது. அவருக்குத்தான் காது கேக்காதே. இன்னும் சேதி போய்ச் சேரலை."

தல்லாக் சிரித்தார். பிறகு மாவுப் பானையைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

வைக்கோல் வேலை முடிந்த ஞாயிறு. தேவாலயம் விட்டதும் ஓஸ்னே எல்லோருக்கும் கேட்கும்படி, "வெள்ளிக் குண்டு போட்டுப் பாத்துடலாம். யாருன்னு தெரிஞ்சுபோயிடும்" என்றாள்.

குன்வோர் கல்லறைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "போடலாமே. யார் வார்ப்பாங்க?"

பள்ளத்தாக்கில் குண்டு வார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"சூனியக்காரியே தன்னைப் பிடிக்கிற குண்டை வார்ப்பாளா?" என்றாள் ஓஸ்னே.

"வேற யாருக்குத் தெரியும்? உங்க மாட்டுக்கா?"

யாரோ இருமினார்கள். இருமல் பரவியது.

"நீ மாத்திடுவே. ஈயத்துக்கு வெள்ளிப் பூச்சு பூசிடுவே."

"பக்கத்துலயே உக்காந்து பாருங்கம்மா. வேணும்னா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே பாருங்க."

ஓஸ்னே உண்மையிலேயே பின்னல் ஊசியோடுதான் வந்தாள். வந்தது பியூக்கின் வெள்ளிப் பட்டறைக்கு. குன்வோரின் அடுப்பில் ஈயம்தான் உருகும். வெள்ளிக்கு அந்தச் சூடு பத்தாது. பியூக் எங்கள் பக்கத்து மணப்பெண்களுக்கெல்லாம் மார்ப்பதக்கம் செய்கிறவன். துருத்தி நெருப்பில் புருவம் கருகிக் கருகி, புருவமே இல்லாத முகம் அவனுக்கு. பார்க்கிறவர்களுக்கு எப்போதும் ஆச்சரியப்படுவதுபோலத் தெரிவான்.

ஓஸ்னே கழுத்திலிருந்து ஒரு வெள்ளிப் பொத்தானைக் கழற்றினாள். அவள் அம்மாவின் அம்மா போட்டது. பியூக் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.

"பத்தாது. இதுக்கு முயலோட வால்தான் விழும். சோடியையும் கழட்டுங்க."

"ரெண்டும் போனா நான் கழுத்தை எதால மூடுறது?"

"கழுத்துக்கு ஊசி போதும்" என்றவன், துருத்திப் பக்கம் திரும்பி, "வாய்க்குத்தான் பொத்தான் வேணும்" என்று முணுமுணுத்தான். குன்வோர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓஸ்னே இரண்டாவது பொத்தானை ஏதோ பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

இரும்பு அச்சில் வெள்ளியை ஊற்றினால் ஒட்டிக்கொண்டு வராது என்றான் பியூக். குன்வோர் வார்த்த ஒரு ஈயக் குண்டை ஈர மணலில் அழுத்தி அச்சு எடுத்தான். துருத்தி ஊதினான். வெள்ளி உருகியது. ஊற்றியது குன்வோர்.

ஈயத்தை அவளுக்குத் தெரியும். ஊற்றிய மாத்திரத்தில் மங்கிப்போய் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. உருக்கும் மூசைக் கிண்ணத்தில் கண்ணாடித் துளிபோல நின்று சுழன்றது. அதற்குள் பட்டறையின் கூரை தெரிந்தது. மூசையில் மிஞ்சிய சொட்டு ஆறும்போது திடீரென்று சின்னதாகத் தெறித்தது.

"துப்புது!" என்று எழுந்துவிட்டாள் ஓஸ்னே. "பாத்தியா, அவளைப் பாத்துத் துப்புது!"

"எல்லா வெள்ளியும் ஆறும்போது துப்பும்மா. உங்க கல்யாணக் கிரீடமே எங்கப்பா முன்னாடி துப்பினதுதான்."

குன்வோர் இருவரையும் கவனிக்கவில்லை. "இன்னொரு தடவை உருக்கலாமா?" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. பாக்கணும்."

பியூக் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை உண்மையாகவே ஆச்சரியப்பட்டான் என்று பிற்பாடு சொன்னான். குண்டைத் திரும்ப உருக்கி இன்னொரு தடவை ஊற்றினார்கள்.

மணலை உடைத்து எடுத்த குண்டை அவள் மேசையில் போட்டாள். ஈயம் தொப்பென்று விழும். இது கிணிங் என்றது. நகத்தால் கீறினாள், கீறல் விழவில்லை. சால்வேயின் ஈயக் குண்டு ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஆறிச் சுருங்கியதில் ஒரு மயிரிழை சின்னதாக இருந்தது. எடையும் குறைவு.

"இது நேரா போகாதும்மா" என்றாள். "ஈயம் மெத்துனு இருக்கிறதாலே குழலுக்குள்ள வெட்டியிருக்கிற சுருள் பள்ளத்தைக் கவ்விக்கிட்டுச் சுத்திப் போகும். இது கவ்வாது. அது இஷ்டத்துக்குப் போகும்."

"இப்பவே சாக்கு ஆரம்பிச்சாச்சு."

"ஒண்ணு கேக்கட்டுமா? வெள்ளி போனதுக்கப்புறம் அந்தத் துப்பாக்கியில சூனியம் இருக்குமா?"

"வெள்ளி போனா என்ன இருக்கும்? சுத்தமாயிடும்."

"அப்ப பொம்பளை தொட்டாலும் ஒண்ணும் ஆகாது."

ஓஸ்னேயின் ஊசிகள் நின்றன. யோசித்தாள். வேறு வழி தெரியவில்லை. "ஆகாது" என்றாள்.

"அப்ப நான் தொடுவேன். எல்லார் முன்னாடியும்."

அடுத்த ஞாயிறு சுடுமிடத்தில் நாய்க்குட்டி முதல் எல்லோரும் இருந்தோம். அது தேவாலயத்துக்குப் பின்னால், ஓடைக்கு இந்தப் பக்கம். நூறு தப்படி தூரத்தில் கறுப்பு வட்டம் போட்ட பலகை. அதற்குப் பின்னால் சரிவு ஏறி ஓஸ்னே வீட்டு வேலியில் முடியும். காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. முயலைக் கூப்பிட்டால் வராது. பலகையிலேயே சுடலாம் என்று முடிவானது.

"குறி எதுக்கு?" என்றாள் ஓஸ்னே. கழுத்துப் பட்டியில் பின்னல் ஊசி ஒன்றைச் செருகியிருந்தாள். "சூனியம் வச்சவ எங்கே இருந்தாலும் வெள்ளி தேடிப் போகும்."

இதைக் கேட்டதும் குன்வோரைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு எட்டு விலகினார்கள். தல்லாக் மட்டும் இரண்டு எட்டு நெருங்கி, நடுங்கும் கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தோளும் சேர்ந்து ஆடியது.

சால்வே வெள்ளியைத் தடித்த துணியில் சுற்றி உள்ளே தள்ளினான். அது உள்ளே போக மறுத்தது. முழு பலத்தோடு இடித்து இறக்கினான். குறி பார்த்தான். சுட்டான்.

புகை விலகியது. பலகையில் ஒன்றும் இல்லை. சரிவில் மண் பறக்கவில்லை. குன்வோர் நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள், பிறகு கையை. எங்கேயோ மேலே டொக்கென்று ஒரு சத்தம்.

சத்தம் கேட்காத ஒரே ஆளான யெர்முன்தான் அதைப் பார்த்தவர். "அட!" என்று அவர் வழக்கம்போலக் கத்தினார். "ஓஸ்னே வீட்டு வெண்ணெய்ச் சாடி தானா விழுந்து உருளுது!"

உண்மைதான். வெண்ணெய் கடையும் மரச்சாடியை ஓஸ்னே கழுவி வேலிக் கம்பத்தில் கவிழ்த்திருந்தாள். அது இப்போது சரிவில் உருண்டு வந்துகொண்டிருந்தது, யாரோ அனுப்பிவைத்ததுபோல நிதானமாக. ஓடைக்கரையில் நின்றது. அடிப்பலகையில் வெள்ளிக் குண்டு ஆழமாகப் பதிந்திருந்தது.

சால்வேதான் முதலில் பேசினான்.

"அம்மா, நீயா?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் என் சித்தி காப்பிக் கெண்டியைக் கவிழ்த்தாள். போதகர் மர வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிரார்த்தனை செய்கிறார் என்று கொஞ்ச நேரம் நினைத்தோம்.

குன்வோர் சிரிக்கவில்லை. சாடி உருண்டதால் அவள் பெயர் சுத்தமாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். சால்வேயிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியைக் கொடுத்தான்.

பள்ளத்தாக்கில் ஒரு பெண் துப்பாக்கியைக் கையில் வாங்கியதை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தாள். மீன் செதில்போல நீளமாக ஒரு ஈயத் தகடு துணியோடு வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. துணியெல்லாம் பழுப்பு. துரு. அதை மோந்து பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கரிக்குது" என்றாள். "சால்வே, குண்டுத் துணிக்கு என்ன தடவுறே?"

"வெண்ணெய்."

"கொழுப்பு என்னாச்சு?"

"ஆட்டுக்கொழுப்பை அம்மா கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திக்கு எடுத்து வச்சுட்டாங்க. ஈஸ்டர்லேர்ந்து வெண்ணெய்தான். நல்ல வெண்ணெய்."

"உப்பு போட்டதா?"

இப்போது எல்லோரும் ஓஸ்னேயைப் பார்த்தோம். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"உப்பு போடாத வெண்ணெய் என்ன வெண்ணெய்? நான் என்ன பிச்சைக்காரியா?"

"வெண்ணெய் நல்ல வெண்ணெய்தாம்மா" என்றாள் குன்வோர் மெதுவாக. "ரொட்டிக்கு. குழலுக்குள்ள உப்பு துருவாயிருக்கு. துரு ஈயத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளத்தையே தூர்த்துருச்சு. குண்டு எங்கே சுத்தும்?"

காப்பிக்கு வைத்து மிஞ்சியிருந்த வெந்நீரைக் குழலில் ஊற்றிக் கழுவினாள். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தாள். யெர்முன் தன் பூட்ஸுக்குப் பூசும் கொழுப்பைக் கொடுத்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கை நீட்டினாள், கொடுத்தார். தான் வார்த்த ஈயக் குண்டு ஒன்றை அவளே கெட்டித்துச் சால்வேயிடம் நீட்டினாள். இது தப்பினால் கடைசி ஆணியும் காலி.

அவன் சுட்டான். கறுப்பு வட்டத்தில் நடுவுக்கு ஒரு விரல் தள்ளி. இரண்டாவது குண்டு முதல் குண்டின் ஓட்டையிலேயே பாதி. மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் தல்லாக் ஆட ஆரம்பித்திருந்தார். நடுக்கம் எது, ஆட்டம் எது என்று பிரிக்க முடியாத ஆட்டம்.

துப்பாக்கியைச் சரிசெய்தது வெள்ளியா, வெந்நீரா என்று எங்கள் ஊரில் இன்னமும் சண்டை உண்டு. ஓஸ்னே கடைசிவரை வெள்ளிக் கட்சி. குன்வோர் வெள்ளியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. "அந்த ஈயத் தகடு வெறும் துணிக்கு வந்திருக்காது. வெள்ளி போற வழியில சுரண்டிவிட்டுப் போயிருக்கு. கெட்டியான சாமான் இல்லையா" என்பாள். வெள்ளி குற்றவாளியைத் தேடிப் போனதா என்று கேட்டால் மட்டும், "சாடியைப் போய்க் கேளுங்க" என்பாள்.

மறுநாள் காலை சால்வே பார்லி வயலுக்குப் போனான். முயல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. குறி பார்த்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கிவிட்டான். "அது என்ன பண்ணுச்சு, பாவம்" என்றான்.

அச்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருவர் துருத் துடைத்தாகிவிட்டது என்றார். இரண்டு மச்சான்களும் பார்த்து முடித்துவிட்டார்கள். தொப்பிக்காரர் தொப்பியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அடுத்த நாள் ஒரு ஆட்டுத் தொடை வந்தது. கூடவே துப்பாக்கிகளும் வர ஆரம்பித்தன. முதலில் மறைவாக, சாக்குக்குள். பிறகு தோளில். "கொஞ்சம் நக்கிப் பாரேன்" என்று கேட்கக் கூச்சப்பட்டு, "வாசனை பாரேன்" என்பார்கள்.

பியூக் சாடியிலிருந்து வெள்ளியைத் தோண்டி எடுத்தான். அதை உருக்கும்போது குன்வோர் பக்கத்தில் நின்றாள். அது மூன்றாவது தடவை. அடுத்த வருடம் அவர்கள் கல்யாணத்துக்குள் எத்தனை தடவை ஆனது என்று யாரும் எண்ணவில்லை.

ஒரே ஒரு ஆணி மட்டும் காலியாகவே இருந்தது, சால்வேயுடையது. இலையுதிர்காலம் போனது, பனி விழுந்தது. அவன் தன் பழைய குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டான். அச்சு ஓஸ்னேயின் பெட்டியில் இருந்தது. கேட்டால் அவள் காது கேட்காத யெர்முனைப்போல ஆகிவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, பட்டப்பகலில், ஊர் பார்க்க, அவள் குன்வோர் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் இரண்டு வெள்ளிப் பொத்தான்கள், புதிதாகச் செய்தவை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அச்சைத் தானே ஆணியில் மாட்டினாள், தலைகீழாக. குன்வோர் அதை நேராக்கவில்லை.

பிறகு ஓஸ்னே துணியில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை மேசையில் வைத்தாள்.

"இது ஆட்டுக்கொழுப்பு. அவன் துப்பாக்கிக்கு" என்றாள். மற்றதைத் தள்ளினாள். "இது உனக்கும் அப்பனுக்கும். உப்பு போட்டது. மாத்திப் பூசிடாதே."

குன்வோர் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"கெட்டிக்கலாம்" என்றாள்.

ஓஸ்னேயின் வாய் ஒரு பக்கம் கோணியது. மறுபக்கமும் கோணியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று குன்வோருக்குப் புரிந்தது. படுக்கையிலிருந்து தல்லாக், "எத்தனைம்மா இப்ப?" என்று கத்தினார்.

"ஏழுப்பா. ரொட்டி எடுத்துக்கிட்டு வாங்க."